ரேஸ் தெருவில் மாப்பிள்ளை ஜீப்

திண்டிவனத்தில் ஓடுகிற எந்த வண்டியையும் துரத்தும் எங்கள் தெரு நாய்கள், சுப்பராயலுவின் ஜீப்பை மட்டும் துரத்துவதில்லை. கூடவே நடந்து வரும். நடுவில் ஒரு நாய் நின்று, காதைச் சாவகாசமாகச் சொறிந்துகொண்டு, பிறகு நாலு எட்டு வைத்து ஜீப்பைப் பிடித்துவிடும். இதை என் கடை வாசலில் உட்கார்ந்தபடி நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

என் கடை ஃப்ளெக்ஸ் கடை. பிறந்தநாள், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றையும் ஒரே மெஷினில்தான் அடிக்கிறேன். 'மாமனிதர்' என்று போடச் சொன்னால் போடுவேன். அந்த ஆள் மாமனிதரா என்று விசாரிப்பது என் வேலையில்லை. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பின்னால் வரப்போகிற ஒரு ஃப்ளெக்ஸுக்காக என்னைத்தான் திட்டுவீர்கள்.

சுப்பராயலு ஒலக்கூர் பக்கத்து ஆள். வீட்டுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற நிலம் உண்டு. அதைத் தம்பி பார்த்துக்கொள்கிறார். இவருக்குச் சின்ன வயதிலிருந்தே மோட்டார் ஆசை. ஸ்டியரிங் பிடித்தே தீருவேன் என்று கிளம்பிய மனிதருக்கு, ஒரு ரோடு காண்ட்ராக்டர் பிடிக்கக் கொடுத்தது ரோடு ரோலரின் ஸ்டியரிங். மயிலத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையே ரோடு போட்ட இடத்துக்கெல்லாம் அதிலேயே போனார், அதிலேயே வந்தார். பொங்கலுக்கு ஊருக்குப் போக மார்கழி பிறந்ததுமே கிளம்பிவிடுவார் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அவருக்குக் கோபமே வராது. "போகிக்கே போய்ச் சேந்துட்டேனேப்பா" என்பார்.

அப்புறம் ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை எடுத்தார். மேல்கூரையை வெட்டி எறிந்துவிட்டு, வெண்ணெய் நிறத்தில் பெயின்ட் அடித்து, பின் சீட்டுக்குச் சிவப்பு வெல்வெட் தைத்துப் போட்டார். அன்றிலிருந்து சுற்றுவட்டாரத்தில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் அந்த ஜீப்தான். மாப்பிள்ளை பின் சீட்டின் முதுகில் கோட்டு சூட்டோடு உயரமாக உட்கார்ந்திருப்பார். முன்னால் மேளம், மேளத்துக்கு முன்னால் ஆடுகிற நண்பர்கள், அவர்களுக்கும் முன்னால் வெடி. இந்தக் கூட்டத்தின் பின்னால், யார் காலிலும் ஏற்றாமல், மாப்பிள்ளை தலையிலிருந்து ஒரு பூ உதிராமல் வண்டியை நகர்த்த வேண்டும். இந்த வேலைக்கு வேண்டிய ஒரே தகுதி அவசரமில்லாமல் இருப்பது. அது அவருக்குப் பிறவியிலேயே இருந்தது.

அவருக்கென்று சில சட்டங்கள் உண்டு. மேளம் நடந்தால் ஜீப் நடக்கும், மேளம் நின்றால் ஜீப் நிற்கும். வழியில் பிள்ளையார் கோயில் வந்தால் மாப்பிள்ளை கும்பிடுகிற வரைக்கும் வண்டி அசையாது. மாப்பிள்ளை வண்டியை வேறு வண்டி முந்தினால் அது மாப்பிள்ளைக்கு மரியாதை இல்லை என்றும் அவராகவே முடிவுகட்டி வைத்திருந்தார். அதனால் நடுரோட்டை விட்டு இறங்கமாட்டார். ஆம்புலன்ஸுக்கு மட்டும் ஒதுங்குவார். மற்றபடி பின்னால் யார் ஹாரன் அடித்தாலும், அதையும் மேளத்தோடு சேர்த்துக் கேட்டுக்கொண்டு போவார்.

இவ்வளவு பொறுமையான மனிதருக்கு வாய்த்த மாமனார் வீடு, வேகத்தில் பேர் எடுத்த வீடு. மனைவி தையல்நாயகியின் அண்ணன் விருத்தாசலம் திண்டிவனம் - விழுப்புரம் தனியார் பஸ்ஸில் டிரைவர். அவருக்கு முன்னால் கிளம்பிய பஸ்கள் எல்லாம் அவருக்குப் பின்னால்தான் விழுப்புரம் போய்ச் சேரும். "எங்க அண்ணன் வர்றத பாத்தா டோல்கேட்டே பயந்துக்கினு தூக்கிக்கும்" என்று தையல்நாயகி அக்கா பெருமையாகச் சொல்வார். விழுப்புரத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றால், சுப்பராயலு விடிந்ததும் ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அக்கா நிதானமாகச் சமையலை முடித்து, தலை பின்னிப் பூ வைத்து, அண்ணன் பஸ்ஸில் ஏறிப் போய், அங்கே பந்தியில் புருஷனுக்கு ஓர் இலையைப் பிடித்துவைத்துக் காத்திருப்பார்.

அந்தக் காத்திருக்கிற நேரம்தான் அவருக்குப் பெரிய பாடு. அண்ணன் மனைவி ஜெயம், பந்தியே கேட்கிற மாதிரி விசாரிப்பார்.

"இன்னா தையலு, ஊட்டுக்காரரு கெளம்பிட்டாரா, இல்ல பேரப்புள்ள காதுகுத்துக்குத்தான் வந்து சேருவாரா?"

எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்த பிறகு புருஷனிடம் பேச மாட்டார். ஏன் பேசவில்லை என்று சுப்பராயலுவுக்குத் தெரியும். தெரிந்தும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆக்சிலேட்டரை அழுத்த அந்தக் காலுக்கு வராது.

இப்படி இருக்கும்போதுதான் சென்னையிலிருந்து போன் வந்தது. பேசியது இளவழகன் என்ற பையன். விழாக்கள் நடத்திக் கொடுக்கிற கம்பெனியில் வேலை. பெண் எடுத்தது திண்டிவனத்தில். மாப்பிள்ளை அழைப்புக்கு ஏறியது நம்ம ஜீப்பில். சென்னையில் தெருக்களை அடைத்து, இரண்டு பக்கமும் கான்கிரீட் கட்டையும் கம்பி வலையும் நிறுத்தி, அதற்குள்ளேயே கார் ரேஸ் விடப்போகிறார்களாம். இருநூறு, இருநூற்றைம்பது வேகத்தில் பறக்குமாம். ரேஸுக்கு முன்னால், ஓட்டப்போகிற பையன்களைத் திறந்த வண்டிகளில் நிற்கவைத்து, அதே பாதையில் ஒரு சுற்றுக் கூட்டிப்போய் ஜனங்களுக்குக் காட்ட வேண்டுமாம்.

"அதாவது மாப்ள அழைப்பு" என்றார் சுப்பராயலு.

"அப்பிடியே வச்சிக்கங்கண்ணே" என்றான் இளவழகன். அவன் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் பாதிப் பிரச்சினை வந்திருக்காது.

சுப்பராயலு மனைவியிடம் எதையும் மறைக்கவில்லை. ஊர்வலம்தான், ரேஸ் இல்லை என்று தெளிவாகச் சொன்னார். அக்காவும் தெளிவாகத்தான் கேட்டுக்கொண்டார். ஆனால் மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போன இடத்தில், அண்ணனுக்குக் கம்பெனி புது ஏசி பஸ் கொடுத்திருப்பதாக ஜெயம் ஆரம்பித்தார். அதில் எத்தனை பட்டன், கதவு எப்படித் தானாக மூடும் என்று சொல்லிக்கொண்டே போனார். அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் வாயிலிருந்து வந்துவிட்டது.

"எங்க வீட்டுக்காரரு மெட்ராசுல கார் ரேஸ் ஓட்டப் போறாரு அண்ணி. டிவில காட்டறாங்களாம்."

வந்ததை மறுபடி உள்ளே தள்ள முடியுமா? சாயந்திரத்துக்குள் தெருவெல்லாம் பரவிவிட்டது. பொய்க்குப் பாதுகாப்பு வேண்டுமே என்று அக்கா நேராக என் கடைக்கு வந்தார்.

"ஜெகதீசு, ஒரு பேனரு அடிக்கணும்பா. 'கார் ரேஸில் களமிறங்கும் எங்கள் வேகப் புயலே'ன்னு போடு."

"யாருக்குக்கா?"

"எங்க வீட்டுக்காரருக்குத்தான்."

அந்த நேரம் பார்த்து வேகப் புயல் என் கடையைக் கடந்துகொண்டிருந்தது. நாங்கள் எழுத்தின் நிறம் என்ன, போட்டோ எவ்வளவு பெரிசு, கீழே யார் பேரைப் போடுவது என்று எல்லாம் பேசி முடித்தோம். அது வரைக்கும் கடந்துகொண்டேதான் இருந்தது.

யாரோ ஒரு ரேஸ் வீரனின் உடம்பில் சுப்பராயலுவின் தலையை ஒட்டினேன். ஹெல்மெட்டும் வேண்டும் என்றார் அக்கா. போட்டேன். மீசை மட்டும் உள்ளே அடங்காமல் இரண்டு பக்கமும் வெளியே வந்துவிட்டது. அதுவும் ஒரு அழகாகத்தான் இருந்தது.

பேனர் தெருமுனையில் ஏறிய அன்று சுப்பராயலு அதன் கீழே ஜீப்பை நிறுத்திவிட்டு என் கடைக்கு வந்தார்.

"யாருப்பா அது?"

"நீங்கதாண்ணே."

"நான் எப்பப்பா இப்பிடி இளைச்சேன்?"

சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "பெரிய பேஜாரா போச்சு ஜெகதீசு" என்றார். "அவ இந்த ரெண்டு நாளா தலைய நிமிந்துக்கினு கடைக்குப் போய் வர்றா. இன்னிக்குக் காத்தால அவ பாட்டு பாடறத கேட்டேன். நான் போய் 'அதெல்லாம் இல்ல, ஊர்வலம்தான்'னு யாருகிட்டன்னு சொல்வேன்? சொன்னா அவ மானம் போயிடும். டிவில பாத்தாலும் போயிடும்."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதனால் ஒரு யோசனை சொன்னேன். "ரேஸ் ஓட்டறவன் மூஞ்சி எப்பிடியும் தெரியாதுண்ணே, ஹெல்மெட்டு இருக்கும். அக்கா எதுனா ஒரு கார காட்டி இதுதான் அவருன்னு சொல்லிடட்டும். ஊர்வலம் அஞ்சு நிமிஷம். டிரைவர எவன் காட்டப்போறான்? நீங்க தலைய குனிஞ்சிக்கினு சட்டுனு ஒரு சுத்து ஓட்டிட்டு வெளிய வந்துடுங்க. அவ்ளோதான்."

"சட்டுனு" என்றார் அவர், புதுப் பதார்த்தத்தை நாக்கில் வைத்துப் பார்ப்பது போல. பிறகு மனசைத் திடப்படுத்திக்கொண்டு, "ஓட்டிடறேன்பா. அவளுக்காக ஓட்டிடறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ரேஸ். வெள்ளிக்கிழமையே கிளம்பிப் போனார்.

அந்த ஞாயிறு சாயந்திரம் தெருவே விருத்தாசலம் வீட்டுக் கூடத்தில் இருந்தது. எங்கள் தெருவில் பெரிய டிவி அவர் வீட்டில்தான். அக்கா பட்டுப்புடவை கட்டி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஜெயம் எல்லோருக்கும் சுண்டல் கொடுத்துக்கொண்டே, "எந்தக் காரு தையலு அவருது?" என்று கேட்டார்.

"நீலம்" என்றார் அக்கா. முந்தின நாளே நானும் அவரும் பேசிவைத்த நிறம்.

சென்னையில் நடந்ததை சுப்பராயலு பிற்பாடு எனக்குச் சொன்னார். ஜீப் அலங்காரத்தில் எடுப்பாக இருந்ததால் இளவழகன் அதையே வரிசையில் முதலாவதாக நிறுத்திவிட்டான். பின் சீட்டில் ஒரு வெளிநாட்டுப் பையன், நல்ல உயரம், தொப்பியோடு. முப்பது வேகத்தில் போனால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். கொடி அசைந்ததும் சுப்பராயலு பல்லைக் கடித்துக்கொண்டு முதல் கியர் போட்டார், இரண்டாவது போட்டார். "சத்தியமா ஜெகதீசு, மூணாவது கியருக்கே கை போயிடுச்சுப்பா."

அப்போதுதான் மேளம் கேட்டது. பாதையின் ஆரம்பத்தில் விருந்தினர்களை வரவேற்க இளவழகன் விழுப்புரம் பக்கத்துக் காணையிலிருந்து ஒரு மேளக் குழுவை வரவழைத்து நிறுத்தியிருந்தான். காணை ஆட்களுக்கும் இந்த ஜீப்புக்கும் எத்தனையோ கல்யாணப் பழக்கம். ஒரே இடத்தில் நின்று அடியுங்கள் என்றுதான் அவர்களுக்குச் சொல்லியிருந்தது. ஆனால் வெண்ணெய் நிற ஜீப் வருவதைப் பார்த்ததும், பின்னால் தொப்பி போட்ட மாப்பிள்ளை நிற்பதைப் பார்த்ததும், அவர்கள் பாட்டுக்கு ரோட்டில் இறங்கி, ஜீப்புக்கு முன்னால் வந்து, திரும்பி நின்று, அடித்துக்கொண்டே நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். இவரும் தன் பாட்டுக்குக் கியரை இறக்கி, அவர்கள் பின்னால் நகர ஆரம்பித்துவிட்டார். யாரும் யாரையும் கேட்கவில்லை. இரண்டு தரப்பும் எதையும் யோசிக்கவும் இல்லை.

டிவியில் நாங்கள் பார்த்தது இதைத்தான். முதலில் மேளம் வந்தது. அப்புறம் ஜீப் வந்தது. கூடத்தில் சுண்டல் மெல்லுகிற சத்தம்கூட நின்றுபோனது.

"ஏய், அது நம்ம மாப்ள ஜீப்பாச்சே!" என்றார் விருத்தாசலம்.

ஜீப் வந்தது, வந்துகொண்டே இருந்தது. அதற்குப் பின்னால் விதவிதமான திறந்த கார்கள் கோயில் வரிசை மாதிரி நின்று நின்று வந்தன. இரண்டு பக்கமும் கான்கிரீட் கட்டை. ஒதுங்க இடமில்லை, இருந்திருந்தாலும் அவர் ஒதுங்கமாட்டார். சரியாக ஜீப்புக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கார், தரையோடு ஒட்டின ஜாதி, உறுமிக்கொண்டே ஊர்ந்தது. வாக்கிடாக்கி வைத்திருந்த ஒருவர் கத்திக்கொண்டு ஜீப்புக்குப் பக்கத்தில் ஓடிவந்தார். ஓட வேண்டிய அவசியமில்லை என்று தெரிந்ததும் நடந்தே வந்தார். டிவியில் பேசுகிறவருக்குச் சொல்ல விஷயம் தீர்ந்துபோய், ஜீப் எந்த வருஷத்து மாடலாக இருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தார்.

இத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு திருப்பத்தில், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டிப் பிள்ளையார் கோயில் இருந்தது. மேளம் நின்றது. ஜீப் நின்றது. வரிசை முழுக்க நின்றது. சுப்பராயலு பின்னால் திரும்பி, வெளிநாட்டுப் பையனைப் பார்த்துக் கும்பிடு என்று கையைக் காட்டினார். அந்தப் பையனும் மரியாதை தெரிந்தவன், கும்பிட்டான். வலைக்கு அந்தப் பக்கத்து ஜனங்கள் தலையில் குட்டிக்காட்டினார்கள், அவனும் குட்டிக்கொண்டான். தோப்புக்கரணம் போட்டுக்காட்டினார்கள்; அவனும் ஜீப்பில் நின்றபடியே காதைப் பிடித்து உட்கார்ந்து எழுந்தான். ஜனம் ஆர்ப்பரித்தது. இதை விட்டுவிட்டு எந்தக் கேமரா நகரும்?

கேமரா மெல்ல முன்னால் வந்து டிரைவரிடம் நின்றது. நான் சொன்னபடியே தலையைக் குனிந்துகொண்டிருந்தார் பாவி மனிதர். என்னடா இது என்று நிமிர்ந்தவர், அந்தப் பெரிய டிவி நிறைய, வேர்த்த முகமும் மீசையுமாக எங்கள் எல்லோரையும் நேராகப் பார்த்தார்.

ஜெயம் சுண்டல் தட்டைக் கீழே வைத்தார். "இன்னா தையலு, ரேஸ் ஓட்டறாருன்ன? அவரு அங்கயும் போய் மாப்ள அழைப்புதான ஓட்டிக்கினு இருக்காரு?"

கூடமே வெடித்துச் சிரித்தது. நான் தரையைப் பார்த்தேன். பேனர் அடித்த கை எனக்கு. எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. எழுந்து வெளியே ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன். எழுந்தார். ஆனால் ஓடவில்லை. டிவி பக்கத்தில் போய் நின்று, ஜீப்புக்குப் பின்னால் இருந்த வரிசையைக் கையால் காட்டினார்.

"சிரிக்கறத அப்பறம் சிரிக்கலாம். பின்னால எத்தினி காரு நிக்குது, பாத்துக்கினீங்களா? எல்லாம் கோடி ரூவா காரு. ஓட்டறவன் எல்லாம் சூரன். ஒருத்தனாவது எங்க வீட்டுக்காரர முந்திக்கினு போனானா? ரேஸுன்னா இன்னா அண்ணி? ஒருத்தனும் முந்தக் கூடாது. அதான ரேஸு?"

கூடம் ஒரு கணம் யோசித்தது. அப்புறம் மறுபடி சிரித்தது. ஆனால் அது வேறு சிரிப்பு. விருத்தாசலம் தொடையில் தட்டிக்கொண்டு, "அது வாஸ்தவம்தாம்மா" என்றார். "கூட்டேரிப்பட்டுல ஒருக்கா ஒரு மாப்ள அழைப்புக்குப் பின்னால மாட்டிக்கினேன். இத்தினி வருஷ சர்வீசுல நான் லேட்டா போனது அந்த ஒரு நாளுதான். என்னாலயே அவர முந்த முடியல!"

இதை அவர் அது வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. ஜெயம் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

ஒரு வழியாக ஊர்வலம் சுற்றி வந்து முடிந்தது. ரேஸ் ஆரம்பித்தது. கார்கள் சர்ரென்று வந்தன, சர்ரென்று போயின. நீலமே நாலு இருந்தது. எது யாருடையது, யார் முதல், யார் கடைசி, ஒன்றும் புரியவில்லை. இதைப் போய் எப்படிப் பார்ப்பது என்று ஜனங்கள் சலித்துக்கொண்டார்கள். ஜீப்பை மறுபடி காட்டுவார்களா என்று பக்கத்து வீட்டு மலர்விழி இரண்டு தடவை கேட்டாள்.

அப்போது அக்காவின் போன் அடித்தது. அந்தப் போனில் காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும். போட்டார். முதலில் கார்களின் இரைச்சல். அதற்குள்ளிருந்து சுப்பராயலுவின் குரல்.

"தையலு, கோச்சிக்காத. ஜல்தி ஓட்டணும்னுதான் போனேன். மேளம் முன்னால வந்துச்சா, காலு தானா கிளட்சுக்குப் போயிடுச்சு. இங்க கண்டபடி திட்டிட்டாங்க. அது கெடக்கட்டும். நீ ஊருல எல்லார்கிட்டயும் ரேஸு ரேஸுன்னு சொல்லி வச்சிருந்த. உன் பேர நான் கெடுத்துட்டேன். இப்ப உங்க அண்ணி முன்னால நீ எப்பிடி..."

அக்கா நினைத்திருந்தால் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். கொஞ்சம் முன்னால்தான் வாய்ச்சாமர்த்தியத்தால் மானத்தைக் காப்பாற்றி வைத்திருந்தார், அதையும் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம்.

"என் பேர நீங்க எங்கங்க கெடுத்தீங்க" என்றார். "பொய் சொன்னவ நானு. அண்ணி இங்கதான் இருக்காங்க, எல்லாரும் இருக்காங்க, கேட்டுக்கினுதான் இருக்காங்க. கேக்கட்டும். திட்டினாங்களா? ரொம்பத் திட்டினாங்களா?"

"இல்ல, கொஞ்சந்தான்."

"சாப்ட்டீங்களா?"

"இல்ல."

"மொதல்ல போய் சாப்புடுங்க. ராத்திரியில கெளம்ப வேணாம். காலைல வெளிச்சம் வந்தப்பறம் கெளம்பி, மெதுவா வாங்க."

காதில் விழுந்ததை நம்பாதவர் போல அவர், "இன்னா சொன்ன?" என்று கேட்டார்.

"மெதுவா வாங்கன்னு சொன்னேன். எவ்ளோ நேரமானாலும் பரவால்ல."

போனில் அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. ஜெயம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலேயே, "சுண்டல் காரம்" என்றார். விருத்தாசலம் எழுந்து டிவியை அணைத்தார். ரேஸ் இன்னும் முடியவில்லை. யார் ஜெயித்தது என்று எங்கள் தெருவில் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.